ஐந்து பெடலுக்கு எந்த பவர் சப்ளை? ஸ்ட்ரைமன் ஓஹாயுடன் ஒரு வருடம்

எங்கள் சபையில் பாட்டு முடிந்து ஜெபம் தொடங்கும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் என் பெடல் போர்டின், அதாவது கிட்டார் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் பெட்டிகளை அடுக்கிய பலகையின், குறை எல்லாருக்கும் கேட்கும். டிரம்ஸ் நின்றிருக்கும், கீபோர்டில் ஒரு கார்டு மட்டும் மெல்ல நீண்டுகொண்டிருக்கும், அதற்கு மேலே கொசு காதோரம் பறப்பதுபோல ஒரு விசில். சவுண்ட் பார்க்கும் அண்ணன் ஒரு ஞாயிறு ஒவ்வொரு லைனாக இறக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "தம்பி, உன் லைனை எடுத்தா சத்தம் போயிடுது. என்னன்னு பாரு." கேபிளை மாற்றினேன், கிட்டாரை மாற்றினேன், ஆம்பைக்கூட மாற்றி வைத்துப் பார்த்தேன், விசில் போகவில்லை. ஐந்து பெடலுக்கும் கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்த அந்த ஒற்றை அடாப்டரையும், அதிலிருந்து கிளை பிரிந்து போகும் செயின் ஒயரையும் சந்தேகப்பட எனக்கு இரண்டு மாதம் ஆனது.

என் போர்டு சின்னது. ஆசாரியிடம் சொல்லி பிளைவுட்டில் செய்தது, நீளம் ஒன்றரை அடி. முதலில் பாஸ் டி.யு-3 டியூனர், அப்புறம் ஒலியைக் கொஞ்சம் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் ஐபனேஸ் டியூப் ஸ்க்ரீமர், அதைவிடக் கடுமையாக்கும் பாஸ் டி.எஸ்-1 டிஸ்டார்ஷன், எதிரொலிக்கு பாஸ் டி.டி-8 டிலே, கடைசியில் ரிவெர்புக்கும் (பெரிய அறையின் முழக்கம்) ட்ரெமலோவுக்கும் (ஏறி இறங்கும் ஒலி) ஸ்ட்ரைமன் ஃப்ளின்ட். இவை ஒவ்வொன்றும் எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று கூட்டிப் பார்த்தேன். டியூனர் வெளிச்சத்தை முழுக்க வைத்தால் 85 மில்லி ஆம்பியர், டியூப் ஸ்க்ரீமரும் டி.எஸ்-1-ம் தலைக்கு 10-ஐக்கூடத் தொடாது, டி.டி-8 சுமார் 65, ஃப்ளின்ட் மட்டும் 250. எல்லாம் சேர்த்து 420-க்குள் அடங்கிவிடும். என்னுடைய பழைய அடாப்டர் 500 மில்லி ஆம்பியர். அதாவது கரண்ட் பற்றாக்குறையே இல்லை. இதை முதலில் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் சத்தம் வந்ததும் எல்லாரும் சொல்லும் முதல் யோசனை "பெரிய அடாப்டரா வாங்கு" என்பதுதான், நானும் அதை நம்பி இன்னொரு பெரிய அடாப்டர் வாங்கினேன், அதிலும் அதே விசில்தான்.

பிரச்சினை எங்கே என்றால், டிலேயும் ரிவெர்பும் டிஜிட்டல். உள்ளே ஒரு சின்னக் கம்ப்யூட்டர் ஓடுகிறது, அது கரண்டைச் சீராக இழுக்காமல் விட்டு விட்டு, வெகு வேகமாக இழுக்கும். செயினில் எல்லாப் பெடலுக்கும் நெகட்டிவ் ஒயர் ஒன்றே. அதே நெகட்டிவ் பெடல்களை இணைக்கும் பேட்ச் கேபிளின் ஷீல்டு வழியாகவும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கிறது. ஆக ஒரே கிரவுண்டுக்கு, அதாவது அந்தப் பொது நெகட்டிவுக்கு, இரண்டு வழி, சுற்றி ஒரு வளையம். டிஜிட்டல் பெடல் கிளப்பும் துடிப்பு அந்த வளையத்தில் ஏறி டிஸ்டார்ஷனுக்குள் போகிறது. டிஸ்டார்ஷனின் வேலையே வந்ததைப் பல மடங்கு பெருக்குவது, அதனால் நமக்கு ஆகாத சத்தத்தையும் சேர்த்துப் பெருக்கிவிடுகிறது. டி.எஸ்-1-ஐ மிதித்ததும் விசில் ஏறியது இதனால்தான்.

இதைக் காசு செலவில்லாமல் உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது, எதையும் வாங்குவதற்கு முன் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். டிஸ்டார்ஷனையும் ஓவர்டிரைவையும் செயினிலிருந்து கழற்றி, உள்ளே ஒரு 9 வோல்ட் பேட்டரி போட்டு வாசியுங்கள். விசில் நின்றுவிட்டால் குற்றவாளி பொதுவான பவர் லைன்தான், தனித்தனி அவுட்புட் உள்ள சப்ளை வாங்கினால் தீரும். நிற்கவில்லை என்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் தீராது, கோளாறு வேறெங்கோ இருக்கிறது. எனக்கு பேட்டரி போட்ட அந்த நொடியே அறை அமைதியாகிவிட்டது. அந்த அமைதியைக் கேட்ட பிறகு பழைய செயினுக்குத் திரும்ப மனசே வரவில்லை.

வாங்கும் முன் பெடலின் முதுகைத் திருப்பிப் பார்த்து மூன்று விஷயம் குறித்துக்கொள்ள வேண்டும். வோல்ட் சரியாகப் பொருந்த வேண்டும், 9 என்றால் 9. பெடலுக்கு வேண்டிய மில்லி ஆம்பியரை விட சப்ளை கொடுக்கக்கூடியது அதிகமாக இருக்கலாம், குறையக் கூடாது. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் குழாயைத் திறந்த அளவுதானே வரும், அதுபோலத்தான், 500 கொடுக்கக்கூடிய அவுட்புட்டில் 4 மில்லி ஆம்பியர் இழுக்கும் டி.எஸ்-1-ஐ மாட்டினால் ஒன்றும் ஆகாது. மூன்றாவது, பிளக்கின் நடு முனை நெகட்டிவா பாசிட்டிவா என்பது. பெடல் உலகத்தில் பெரும்பாலும் நடு முனை நெகட்டிவ், வீட்டில் கிடக்கும் மற்ற அடாப்டர்களில் பெரும்பாலும் நடு முனை பாசிட்டிவ். ஒரு நிகழ்ச்சிக்கு முந்தின இரவு, அடாப்டர் கிடைக்காமல் வீட்டு இன்டர்நெட் பெட்டியின் 9 வோல்ட் அடாப்டரை என் பழைய டிலேயில் சொருகினேன். முனை கச்சிதமாகப் பொருந்தியது, விளக்கு எரியவில்லை, கொஞ்ச நேரத்தில் கருகின வாசனை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு மெக்கானிக் திறந்து பார்த்து, காவலுக்கு வைத்திருந்த டயோடு எரிந்திருக்கிறது என்று மாற்றிக் கொடுத்தார். சேதம் டயோடோடு நின்றது, என் நல்ல நேரம். எல்லாப் பெடலிலும் அந்தக் காவல் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

பழைய ஜெர்மேனியம் ஃபஸ் (பழைய வகை டிரான்சிஸ்டரில் ஓடும் டிஸ்டார்ஷன் பெடல்) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் பல பாசிட்டிவ் கிரவுண்டு, அதாவது பொது ஒயர் பாசிட்டிவ், மற்ற பெடல்களோடு ஒரே செயினில் மாட்டினால் ஷார்ட் ஆகிவிடும். தனி அவுட்புட்டில் தலைகீழ் ஒயர் போட்டு ஓட்டலாம், அல்லது பேட்டரி.

சரி, நான் கடைசியில் வாங்கியது ஸ்ட்ரைமன் ஓஹாய், அதைத் தவிர என் முன்னால் இருந்தவை நான்கு. ட்ரூடோன் ஒன் ஸ்பாட் அடாப்டர் 1700 மில்லி ஆம்பியர் கொடுக்கும், செயின் ஒயர் போட்டு ஓட்டலாம், விலையும் தாங்கும். எல்லாமே அனலாக் பெடல் (டிஜிட்டல் சிப் இல்லாதவை) என்றால், அல்லது ஒரே ஒரு டிஜிட்டல் இருந்து சத்தம் வரவில்லை என்றால், இதுவே தாராளம், அதற்கு மேல் செலவு செய்ய நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவுட்புட் ஒன்றுதான், என் நோய்க்கு அது மருந்தில்லை. வூடூ லேப் பெடல் பவர் 2 ப்ளஸ் பல வருடம் மேடைகளில் நின்று காட்டியது, எட்டுத் தனித்தனி அவுட்புட், உள்ளே வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மர். எனக்கு அது கனமும் பெரிசும், அதோடு ஃப்ளின்ட் கேட்கும் 250 மில்லி ஆம்பியர் அதில் இரண்டு அவுட்புட்டில் மட்டும்தான் கிடைக்கும். வா பெடலை (காலால் அசைத்து 'வா வா' என ஒலிக்க வைப்பது) அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு நேர் மேலே வைத்தால் உறுமல் பிடிக்கும் என்பதையும் சின்ன போர்டுக்காரர்கள் யோசிக்க வேண்டும். இன்னொன்று, அமெரிக்காவில் விற்கும் பெடல் பவர் 2 ப்ளஸ் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்தது. அங்கிருந்து வரும் சித்தப்பாவிடம் வாங்கிவரச் சொல்லி இங்கே 230 வோல்ட்டில் சொருகிவிடாதீர்கள்.

சியோக்ஸ் டி.சி.7 மேல் எனக்கு உண்மையிலேயே ஆசை. டென்மார்க் கம்பெனி, ஒரு அங்குல உயரப் பெட்டியில் ஏழு அவுட்புட், ஒவ்வொன்றையும் 9, 12, 15, 18 வோல்ட் என்று மாற்றிக்கொள்ளலாம், 9 வோல்ட்டில் ஒவ்வொன்றும் 660 மில்லி ஆம்பியர் வரை. சுவரிலிருந்து வரும் ஒயர் நேராகப் பெட்டிக்கே போகும், நடுவில் அடாப்டர் கிடையாது. எட்டுப் பத்துப் பெடல் வைத்திருந்தால் இரண்டாம் யோசனையே இல்லாமல் இதைத்தான் வாங்கியிருப்பேன். ஐந்து பெடலுக்கு, அதுவும் எல்லாமே 9 வோல்ட் என்கிறபோது, பாதி வசதி சும்மா கிடக்கும்.

நான்காவது, இணையத்தில் குவிந்து கிடக்கும் விலை மலிந்த பெட்டிகள். அட்டையில் பெரிதாக ஐசொலேட்டட், அதாவது ஒவ்வொரு அவுட்புட்டும் தனித்தனி, என்று அச்சடித்திருப்பார்கள். என் நண்பன் அப்படி ஒன்று வாங்கி, சத்தம் குறையவே இல்லை என்று கொண்டுவந்தான். மல்டிமீட்டரை எடுத்து பீப் சத்தம் போடும் இடத்தில் வைத்து, பெட்டியைச் சுவரிலிருந்தும் பெடல்களிலிருந்தும் கழற்றிவிட்டு, ஒரு அவுட்புட்டின் நெகட்டிவையும் பக்கத்து அவுட்புட்டின் நெகட்டிவையும் தொட்டுப் பார்த்தோம். பீப் என்றது. உள்ளே எல்லாம் ஒரே நெகட்டிவ், செயின் ஒயரை ஒரு தகரப் பெட்டிக்குள் அடைத்து விற்றிருக்கிறார்கள். பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது, மாணவனாக இருப்பவன் மூன்று மாதம் சேர்த்த காசு அது. கடையில் வாங்குகிறவர்கள் ஒரு மல்டிமீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

ஓஹாயில் அதே சோதனையைச் செய்தேன், ஐந்து அவுட்புட்டில் எந்த இரண்டைத் தொட்டாலும் மீட்டர் வாயே திறக்கவில்லை. கலிஃபோர்னியாவில் உள்ள ஊரின் பெயரை வைத்திருக்கிறார்கள், எழுத்தைப் பார்த்து ஓஜாய் என்று படித்துவிடுவோம், ஓஹாய் என்பதே சரி. உள்ளங்கையில் அடங்கும் பெட்டி, ஐந்து அவுட்புட், ஒவ்வொன்றும் 9 வோல்ட், ஒவ்வொன்றிலும் 500 மில்லி ஆம்பியர். இந்தப் பெடலுக்கு எந்தத் துளை என்று யோசிக்கவே வேண்டாம், ஃப்ளின்ட்டை எதில் மாட்டினாலும் ஓடும், நாளைக்கு 300 கேட்கும் பெரிய ரிவெர்ப் வாங்கினாலும் ஓடும். போர்டின் அடியில் வெல்க்ரோ போட்டு ஒட்டினேன், தரைக்கும் அதற்கும் நடுவில் இன்னும் இடம் மிச்சம்.

முதல் ஞாயிறு ஜெப நேரத்தில் நான் வால்யூமைக் குறைக்காமல், டி.எஸ்-1-ஐ வேண்டுமென்றே போட்டபடி கையைக் கம்பி மேல் வைத்துக்கொண்டு நின்றேன். டிஸ்டார்ஷனின் வழக்கமான மெல்லிய இரைச்சல் மட்டும் இருந்தது, விசில் இல்லை. சவுண்ட் அண்ணன் தூரத்திலிருந்து கட்டை விரலைக் காட்டினார். அதற்காகவே இந்தக் காசு தகும் என்று தோன்றியது.

ஐந்துதான் இருக்கிறதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு: அனலாக் பெடல்களை ஒரே அவுட்புட்டில் சின்னச் செயின் போட்டுச் சேர்க்கலாம், அவை ஒன்றையொன்று கெடுப்பது அரிது. நான் இப்போது டியூப் ஸ்க்ரீமரையும் டி.எஸ்-1-ஐயும் ஒன்றில் சேர்த்துவிட்டேன், டியூனர், டிலே, ரிவெர்ப் ஆளுக்கொன்று, ஒரு அவுட்புட் காலி. டிஜிட்டல் பெடல்களுக்கு மட்டும் கண்டிப்பாகத் தனித்தனி.

குறைகளும் உண்டு. பெட்டி சின்னதாக இருப்பதன் ரகசியம், சுவர் மின்சாரத்தை மாற்றும் வேலையை வெளியே ஒரு 24 வோல்ட் அடாப்டரிடம் கொடுத்திருப்பதுதான். அந்த அடாப்டரைப் போர்டுக்கு அடியில் திணிக்க எனக்கு இடமில்லை, தரையில் கிடக்கிறது, மேடையில் யாராவது தட்டிவிடுவார்களோ என்று ஒரு கண் அதன் மேலேயே இருக்கும். தொலைத்துவிட்டால் தெருமுனைக் கடையில் அதே மாதிரி கிடைக்காது. 12, 18 வோல்ட் கேட்கும் பெடல் இருந்தால் இந்த மாடல் உதவாது, ஓஹாய் ஆர்.30 என்று இன்னொன்று இருக்கிறது, அதில் இரண்டு அவுட்புட்டை 9, 12, 18 என மாற்றலாம், அதைப் பாருங்கள். பல எஃபெக்ட்டை ஒரே பெட்டியில் தரும் எச்.எக்ஸ் ஸ்டாம்ப் மாதிரி பெரிய சாதனத்துக்கு இது போதவே போதாது, அதோடு வரும் அடாப்டரே 3 ஆம்பியர். விலை, ஒரு டி.எஸ்-1 வாங்கும் காசைப் போல இரண்டு மூன்று மடங்கு. முதல் பெடல் வாங்கியிருக்கும் தம்பி தங்கைகள் இதைப் பார்த்து மலைக்க வேண்டாம், உங்களுக்கு இப்போது தேவையே இல்லை.

தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்தில் திறந்தவெளிக் கூட்டம், ஜெனரேட்டர் கரண்ட். பெரிய விளக்குகளைப் போட்ட ஒவ்வொரு முறையும் மேடையே ஒரு நொடி மங்கி எழுந்தது. அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் ஸ்விட்சிங் வகை என்பதால் என் போர்டு இரண்டு மணி நேரமும் அசரவில்லை, டிலேகூட அணைந்து எழவில்லை. நம் ஊர் மேடைகளில் வாசிப்பவர்கள் இந்த 100–240 எழுத்து அடாப்டரில் இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

ஒன்றை மட்டும் இதிடம் எதிர்பார்க்காதீர்கள். கிட்டாரின் சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் ஒற்றைச் சுருள்) தரும் உறுமல், ஃபேன் ரெகுலேட்டரும் சீரியல் விளக்கும் கிளப்பும் சத்தம், கம்பியைத் தொட்டால் குறைந்து, கையை எடுத்தால் கூடும் இரைச்சல், இவை கிட்டாரிலும் கட்டடத்தின் எர்த்திலும் இருப்பவை, பவர் சப்ளைக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. உறுமல் போகும் என்று சொல்லி ஆம்ப் பிளக்கின் எர்த் முனையைக் கழற்றச் சொல்லும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். செய்யவே செய்யாதீர்கள், உங்கள் கை கம்பியிலும் வாய் மைக்கிலும் இருக்கும்போது உயிரைக் காப்பது அந்த முனைதான்.

பழைய செயினைத் தூக்கிப் போடவில்லை. கிட்டார் பையின் முன் அறையில் அதுவும், இரண்டு 9 வோல்ட் பேட்டரியும், அந்த மல்டிமீட்டரும் இருக்கின்றன. போன மாதம் ஒத்திகையில் கீபோர்டு தம்பி புதிதாக வாங்கிய ஓவர்டிரைவுக்கு அடாப்டர் இல்லாமல் நின்றான், காலியாக இருந்த ஐந்தாவது அவுட்புட்டை அவனுக்குக் கொடுத்தேன்.