எலிக்கூண்டா, ரிவ்யூவா? எட்டாம் பருவத் திட்டப்பணியில் நான் எடுத்த முடிவு

தஞ்சைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பி.ஃபார்ம் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு நானும் நண்பனும் கீழாநெல்லியையே எடுத்துக்கொண்டோம். எங்கள் வயல் வரப்பில் தானாக முளைப்பது, மஞ்சள் காமாலை என்றால் பாட்டி முதலில் பறித்து வருவது அதுதான். அவன் எலிகளில் கல்லீரல் பாதுகாப்பு ஆய்வைத் தேர்ந்தான். நான் வெளியான கட்டுரைகளைத் தேடித் தொகுத்து மதிப்பிடும் ரிவ்யூவைத் தேர்ந்தேன். (வீட்டில் ‘இலக்கிய ஆய்வு’ என்று சொன்னதும், மருந்து படிக்கிறவனுக்குச் சங்கப்பாடல் எதற்கு என்றார் அப்பா.)

செலவு ரிவ்யூவில் குறைவு. ஊசி போடவும் இரத்தம் எடுக்கவும் கை பழகுவது எலி ஆய்வில் மட்டுமே. இவை எல்லாருக்கும் தெரிந்தவை.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது, தவறு நேர்ந்தால் திரும்பச் செய்ய முடியுமா என்பதே. விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்று, எலிகளைப் பழக்கி, பாராசிட்டமால் மிகுதியாகக் கொடுத்துக் கல்லீரலைப் பாதிக்கச் செய்து, கல்லீரலைக் காக்கும் மருந்தாகிய சிலிமாரினோடு ஒப்பிட்டு முடித்த நண்பனுக்கு, ஒரு குழுவின் இரத்த மாதிரிகளில் சிவப்பணுக்கள் சிதைந்துபோனதால் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதி அளவுகள் நம்பத்தகாதவை ஆயின. மீண்டும் தொடங்கப் பருவத்தில் நாள் இல்லை. நானும் தவறினேன். கீழாநெல்லியை ‘ஃபில்லாந்தஸ் அமாரஸ்’ என்ற அறிவியல் பெயரில் மட்டுமே, மருத்துவக் கட்டுரைகளின் இணையத் தொகுப்பான பப்மெட்டில் தேடியிருந்தேன். அதே செடியைப் பல இந்தியக் கட்டுரைகள் ‘ஃபில்லாந்தஸ் நிரூரி’ என்று குறிப்பதை வழிகாட்டி ஆசிரியர் மார்ச் மாதத்தில்தான் சுட்டிக்காட்டினார். தேடிய நாள், தேடுசொல், கிடைத்த எண்ணிக்கை, ஒவ்வொரு கட்டுரையையும் விலக்கிய காரணம் ஆகியவற்றை நோட்டில் எழுதி வைத்திருந்ததால் விடுபட்டதை நான்கே நாளில் சேர்த்துவிட்டேன். அந்த நோட்டு இல்லாதவருக்கு ரிவ்யூவிலும் முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

ரிவ்யூ என்றால் வெட்டி ஒட்டுவது என்ற ஏளனமும் தவறு. 1988இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான சென்னை ஆய்வில், ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் அழற்சிக் கிருமியை உடலில் தாங்கி, கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேரிடம் அக்கிருமியின் மேற்பரப்பு ஆன்டிஜென் (தொற்று இருப்பதைக் காட்டும் புரதம்) மறைந்தது. போலி மருந்து பெற்ற 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே மறைந்தது. பின்னாளில் பல ஆய்வுகளைத் திரட்டிய, காக்ரேன் என்ற பன்னாட்டு அமைப்பின் மதிப்பாய்வோ, போலி மருந்தைவிட மேலான பயனுக்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து, ஆய்வு முறைகள் எங்கே வேறுபட்டன என்று பார்ப்பதிலேயே என் நாள்களில் பாதி கழிந்தது.

எம்.ஃபார்மில் மருந்தியல் எடுக்க நினைப்பவருக்கு ரிவ்யூவையே எடுங்கள் என்ற என் பரிந்துரையை அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். நான் அந்தப் பக்கம் போகவில்லை. போன நண்பனோ, ஆய்வுக்கூடத்தில் முதல் சில மாதங்கள் எலி பிடித்த கைதான் காப்பாற்றியது என்கிறான்.