பழைய பட போஸ்டர் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: 18,500 ரூபாய் ஏமாந்துவிட்டேன்

நேற்று மதியம் பார்சல் வந்தது. இன்னும் கை நடுக்கம் நிற்கவில்லை, ஆனாலும் சூட்டோடு எழுதிவிடுகிறேன். பழைய போஸ்டர், ரசிகர் ஓவியம் என்று சேர்க்கிறவர்கள் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள். அசலைக் கண்டுபிடிக்கும் வழிகளைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

சமூக வலைதளத்தில் பழைய சினிமாப் பொருள்கள் விற்கும் ஒரு பக்கம். '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' என்ற ஆங்கில விண்வெளிப் படத்துக்கு 1968-ல் அமெரிக்காவில் அச்சான போஸ்டர் இருப்பதாகப் போட்டிருந்தார்கள். ராபர்ட் மெக்கால் வரைந்தது. சக்கரம் போன்ற விண்வெளி நிலையத்திலிருந்து விண்கலம் பாய்ந்து வருமே, அதேதான். விலை 16,000. கூடவே அந்தப் படத்தில் பேசும் கணினியான ஹாலின் சிவப்புக் கண்ணை ஒரு ரசிகர் கையால் வரைந்த அக்ரிலிக் ஓவியம், 2,500. மொத்தம் 18,500 ரூபாய். சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கடையில் கணக்கு எழுதும் எனக்கு அது ஒரு மாதச் சம்பளம்.

யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். இரவு பத்து மணிக்கு அந்தப் பக்கத்தை நடத்துகிறவனே போன் செய்தான். நாற்பது நிமிடம் படத்தைப் பற்றியே பேசினான். ஹால் பாடிக்கொண்டே அடங்கும் இடத்தில் அவனுக்கு இப்போதும் தொண்டை அடைக்குமாம். எனக்கும் அப்படித்தான். "அண்ணா, இது கொழும்பில் ஒரு பழைய தியேட்டர்க்காரர் வீட்டிலிருந்து வந்தது. மடிப்பில் கொஞ்சம் கிழிசல், அதனால்தான் இந்த விலை. வியாபாரிக்குக் கொடுக்க மனசு வரலை, உங்களை மாதிரி ரசிகருக்குத்தான்" என்றான். இயக்குநர் குப்ரிக்கோடு சேர்ந்து இந்தப் படத்தை எழுதிய ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் கடைசி வரை இலங்கையில் வாழ்ந்தவர். எனக்குத் தெரிந்த அந்த உண்மையோடு பொய்யைக் கோர்த்துக் கொடுத்தான், நம்பிவிட்டேன். போனை வைத்த கையோடு 18,500 ரூபாயையும் அனுப்பினேன்.

பார்சல் நீளக் குழாயில் வந்தது. அப்போதே உறுத்தியது. அந்தக் காலத்து போஸ்டர்களைத் தியேட்டர்களுக்கு மடித்துத்தான் அனுப்புவார்கள், குறுக்கே மூன்று மடிப்பு, நெடுக்கே ஒன்று. விரித்தேன். மடிப்புக் கோடுகள் இருந்தன, கிழிசலும் இருந்தது. விரலால் தடவினால் எல்லாம் வழவழவென்று இருக்கிறது. மடிப்பையும் கிழிசலையும் சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள்!

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் மாமாவிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். கொலுசில் பற்றவைத்த இடத்தைப் பார்க்கும் லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். அச்சகத்தில் அடித்த பழைய ஆஃப்செட் அச்சில் நான்கு நிறப் புள்ளிகள் வட்டம் வட்டமாக, ஒழுங்காகத் தெரிய வேண்டும். இதில் கணினி பிரிண்டரின் இங்க்ஜெட் மை தூவின மாதிரி சிதறிக் கிடக்கிறது. "மாப்ளே, இது போன மாசம் அடிச்சது" என்றார். அளந்தால் 27-க்கு 40 அங்குலம். 1968 போஸ்டர் 27-க்கு 41. 'கையால் வரைந்த' சிவப்புக் கண்ணும் வெறும் பிரிண்ட்தான், ஒரு தூரிகைத் தடம்கூட இல்லை. மறுபதிப்பு என்று சொல்லி ஐந்நூறு ரூபாய்க்குக் கொடுத்திருந்தால் சந்தோஷமாக வாங்கி மாட்டியிருப்பேன். ரசிகர்கள் வரைவதை நான் ஒருநாளும் குறைவாக நினைத்தவன் இல்லை.

போன் செய்தால், கூரியரில் மாறியிருக்கும் என்றான். அப்புறம் பார்ட்னரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றான். சாயங்காலம், "அசல் என்று நாங்கள் எங்கே சொன்னோம் சார்?" அண்ணா சார் ஆகிவிட்டேன். போய்ப் பார்த்தால் பதிவில் 'அசல்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'பழைய பாணி' என்று மாற்றியிருக்கிறார்கள். ராத்திரிக்குள் என்னை பிளாக்கும் செய்துவிட்டான். வலைதளத்துக்குப் புகார் அனுப்பினால், இது உங்களுக்கும் விற்பனையாளருக்கும் இடையிலான விஷயம் என்று ஒரு வரிப் பதில். என் 18,500 ரூபாய்க்கு அவ்வளவுதான் மரியாதை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது முடியவில்லை. போனில் பேசியதை நம்பாதீர்கள், எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். பதிவை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நான் எடுக்கவில்லை. அளவைக் கேளுங்கள். பின்பக்கத்தை, மடிப்பை, வெளிச்சத்தில் சாய்த்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். முழுப் பணத்தையும் முன்னால் அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள்.

நான் இன்று காலையில்தான் கூப்பிட்டேன். புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். கொழும்பு தியேட்டர்க்காரர் கதையை வேறு யாரிடமாவது இவன் சொல்லியிருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து புகார் கொடுப்போம்.