மினி டிராக்டரில் பேக்ஹோ: டெல்டா களிமண்ணில் பூட்டி ஓட்டிய அனுபவம்

ஜேசிபியை வயலுக்குள் இறக்க முடியாத ஊர் எங்களுடையது. மன்னார்குடிக்குக் கிழக்கே, வெண்ணாற்றுப் பாசனம். ஏழு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி கன்னி வாய்க்கால் மேல் போட்ட சின்னப் பாலத்தில் ஏறினால் பாலம் மிஞ்சாது, வரப்பில் ஏறினால் வரப்பு மிஞ்சாது. ஆனால் ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பதற்குள் கடைமடை வரை தூர் வாரியாக வேண்டும். வடிகாலை அடைத்து நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கை வேரோடு எடுக்க வேண்டும். அதற்காகத்தான் வீட்டிலிருந்த 27 எச்.பி. மினி டிராக்டருக்குப் பின்னால் ஒரு பேக்ஹோ, அதாவது மண்ணைத் தோண்டித் தன் பக்கம் இழுக்கும் பக்கெட் கை, வாங்கிப் பூட்டினோம். சில கோடைகள் ஓட்டியாகிவிட்டது.

என்னிடம் விசாரிக்கிறவர்கள் எல்லாரும் கேட்பது எத்தனை அடி ஆழம் தோண்டும், பக்கெட் என்ன அகலம் என்பதைத்தான். அதெல்லாம் கேட்டலாக்கிலேயே இருக்கிறது. டிராக்டரில் அதை எதன் மேல் பூட்டுகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

கலப்பை, ரொட்டவேட்டர் மாட்டுகிற மூணு பாயிண்ட் லிங்கேஜிலேயே பேக்ஹோவையும் மாட்டலாம் என்று சொல்லி விற்கிறவர்கள் உண்டு. விலையும் குறைவு, மாட்டிக் கழற்றுவதும் சுலபம். நான் அதை வேண்டாம் என்பேன். நம் டிராக்டர்களின் ஹைட்ராலிக் கைகள் பொதுவாக மேலே தூக்கும், கீழே அழுத்தாது. கலப்பை தன் எடையிலேயே இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அங்கே அது குறையில்லை. பேக்ஹோவில் பக்கெட்டை ஊன்றி அழுத்தும்போது மண் திருப்பி உதைக்கிறது. கைகள் இரண்டும் தடையில்லாமல் மேலே எழும்பும். மிச்சம் இருக்கும் ஒரே பிடி மேலே நடுவில் மாட்டும் மூணாவது கம்பியான டாப் லிங்க். அதைப் பூட்டியிருக்கும் இரும்புப் பின் கழன்றாலோ, அது மாட்டியிருக்கும் காது முறிந்தாலோ, பேக்ஹோ மொத்தமும் டிராக்டர் பக்கம் மடிந்து வரும். இரண்டுக்கும் நடுவில்தான் ஓட்டுகிறவர் உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொரு சங்கதியும் உண்டு. மினி டிராக்டருக்கு லாரிக்கு இருப்பதுபோல் தனிச் சேசிஸ் கிடையாது. எஞ்சின், கிளட்ச் ஹவுசிங், கியர் பாக்ஸ், பின் ஆக்சில் என்று வார்ப்பிரும்புப் பெட்டிகளை வரிசையாக போல்ட் போட்டு இணைத்ததுதான் அதன் முதுகெலும்பு. வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும், வளைப்பைத் தாங்காது. பின்னால் தொங்கும் கை ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் அந்த முதுகை வளைத்துப் பார்க்கிறது. டாப் லிங்க் மாட்டும் இடத்தில் ஹவுசிங் கீறல் விட்ட வண்டியைப் பக்கத்து ஊர்ப் பட்டறையில் பார்த்திருக்கிறேன். வெல்டிங் வைத்துச் சமாளிக்கிற சமாச்சாரம் அல்ல அது.

ஆகவே சப் பிரேம் இல்லாமல் பேக்ஹோ இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் ஆக்சில் தாங்கியிலிருந்து வயிற்றுக்கு அடியில் இரண்டு பக்கமும் சேனல் ஓடி, பின் ஆக்சிலில் பூட்டப்பட்டு, அதற்குப் பின்னால் பேக்ஹோ உட்காரும். கீழே இரண்டு கொக்கி, மேலே இரண்டு பின். இழுப்பும் உதைப்பும் டிராக்டரின் முழு நீளத்துக்கும் பரவிவிடும், நடு ஹவுசிங் தப்பிக்கும். நம் டிராக்டர் மாடலுக்கென்றே செய்த பிரேமாகப் பார்த்து வாங்க வேண்டும். ஓட்டை பொருந்தவில்லையென்று கேஸ் கட்டரால் பெரிதாக்கித் தருகிறேன் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

போல்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. தலையில் 8.8 அல்லது 10.9 என்று குத்தியிருக்கும் ஹை டென்சைல் போல்ட்தான் வேண்டும். இரண்டு தகடு சேரும் இடத்தில் போல்ட்டின் வழவழப்பான தண்டு நிற்க வேண்டும். மரை அங்கே விழுந்தால் அங்கேதான் வெட்டும். எம்16 அளவில் 8.8 போல்ட்டுக்குச் சுமார் 200 நியூட்டன் மீட்டர் இறுக்கம் தேவை, வெறும் ஸ்பேனரைக் கையால் முறுக்கினால் அது வந்ததா இல்லையா என்று தெரியாது, டார்க் ரென்ச் வேண்டும். புதிதாகப் பூட்டியவுடன் சில மணி நேரம் வேலை பார்த்துவிட்டு மறுபடி இறுக்கச் சொன்னார் பட்டறைக்காரர். அவர் சொன்ன காரணம் எனக்குப் புதுசு: “அண்ணே, மண்ணு வெட்டுறதால மட்டும் லூசாகுதுன்னு நெனைக்காதீங்க. தகட்டுக்கு நடுவுல இருக்கிற பெயிண்ட் நசுங்கும், போல்ட்டோட பிடி விட்டுரும்.” அதனால் சேரும் முகங்களில் பெயிண்டைச் சுரண்டிவிட்டுத்தான் பூட்டினார். இறுக்கியபின் நட்டிலிருந்து தகடு வரை மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தார். காலையில் டீசல் ஊற்றும்போது கோடு விலகியிருக்கிறதா என்று ஒரு பார்வை, அவ்வளவுதான் வேலை.

எஞ்சின் சுழற்சியைப் பின்னால் வெளியே தரும் தண்டான பி.டி.ஓ.வில் மாட்டும் ஹைட்ராலிக் பம்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பம்ப் தண்டின் மேல் சும்மா செருகித்தான் நிற்கிறது. அதைச் சுற்றவிடாமல் பிரேமோடு பிடித்து வைப்பது ஒரு சங்கிலியோ இரும்புக் கையோதான். அது அறுந்தால் பம்பே தண்டோடு சுற்றி ஹோஸ் பைப்புகளைச் சுருட்டிப் பிய்த்துவிடும். நட்டைப் பார்க்கும்போதே சங்கிலியையும் பார்த்துவிடுங்கள்.

இனி மண். சித்திரையில் எங்கள் களி பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பக்கெட் பல் பட்டால் ‘டங்’கென்று சத்தம் வரும், மூட்டுகளில் இருக்கும் பின்னும் அதைச் சுற்றிய புஷ்ஷும் அதிகம் தேய்வது அப்போதுதான். கிரீஸ் தினமும் வைக்க வேண்டும். தண்ணீர் வந்தபின் அதே களி பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு விடாது, வண்டி ஆடாமல் இரண்டு பக்கமும் ஊன்றும் ஸ்டெபிலைசர் காலையும் விழுங்கும். ஒரு கால் மட்டும் இறங்கினால் பிரேம் முறுக்கிக்கொள்ளும், பாரமெல்லாம் ஒரே கொக்கியில் போய் விழும். இரண்டு காலுக்கும் அடியில் அகலமான பனஞ்சட்டம் போடுகிறோம். பின் சக்கரத்தின் பாரம் கால்களுக்கு மாறும் வரை ஊன்றினால் போதும், டிராக்டரை அந்தரத்தில் தூக்கி நிறுத்த வேண்டாம். வாய்க்கால் கரையில் விளிம்பை ஒட்டி நிறுத்துவது எந்தச் சட்டம் போட்டாலும் ஆபத்துதான்.

பட்டுக்கோட்டைப் பக்கம் மச்சான் தோப்பில் கதை வேறு. 1934-ல் மேட்டூர் திட்டத்தோடு வந்த கல்லணைக் கால்வாய்ப் பாசனம், செம்மண்ணும் மணலும். அங்கே கால் புதையாது, வழுக்கும். 2018 நவம்பரில் கஜா முறித்துப்போட்ட தென்னைகளின் அடிக்கட்டை அங்கே இன்னும் பாக்கி இருந்தது. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது என்பதால் சுற்றி வேரை வெட்டிவிட்டால் கட்டை தானே அசையும். ஆனால் ஓட்டுகிற தம்பிகளுக்குப் பொறுமை இருப்பதில்லை, பக்கெட்டைக் கட்டையில் கொடுத்துப் பக்கவாட்டில் ஸ்விங் அடித்து நெம்பப் பார்ப்பார்கள். பேக்ஹோவுக்குப் பலம் தன் பக்கம் இழுப்பதில்தான். பக்கவாட்டு நெம்பலில் ஸ்விங் பின்னும் பிரேம் கொக்கியும் ஓவலாகிவிடும். எங்கள் வண்டியில் தேய்ந்ததில் பாதிக்கு மேல் அந்தத் தோப்பில் தேய்ந்ததுதான்.

ரோட்டில் போகும்போது பேக்ஹோவின் பெரிய கையான பூமை மடக்கி, பூம் லாக்கும் ஸ்விங் லாக்கும் போட்டாக வேண்டும். ஹைட்ராலிக் பிடித்துக்கொள்ளும் என்று நம்பினால் முதல் வளைவிலேயே பூம் பக்கத்தில் வருகிற பைக்கை நோக்கித் திரும்பும். பின்னால் இவ்வளவு பாரம் இருக்கும்போது முன் சக்கரம் லேசாகிவிடும், ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது, முன் பம்பரில் வெயிட் பிளேட் அவசியம். மோட்டார் கொட்டகைக்குப் போகிற கரண்ட் கம்பி வயலில் தாழ்வாகத்தான் தொங்கும், அதையும் நினைவில் வையுங்கள்.

வருஷத்துக்கு ஒரு வாரம் வாய்க்கால் வேலை மட்டும் இருக்கிறவர் இதை வாங்க வேண்டியதில்லை, வாடகைக்கு எடுப்பதே லாபம். நாலைந்து பங்காளிகள் சேர்ந்து வாங்கினால் கட்டுப்படியாகும். சம்பாவுக்கு உழவு வரும்போது சப் பிரேமை அப்படியே விட்டுவிட்டு பேக்ஹோவை மட்டும் கழற்றி, காங்கிரீட் தளத்தில் ஸ்டெபிலைசரும் பக்கெட்டும் ஊன்றி நிறுத்துகிறோம். எஞ்சினை அணைத்து, லீவர்களை ஆட்டி பிரஷரை விட்ட பிறகுதான் ஹோஸைக் கழற்றுவது. அடுத்த கோடைக்கு முன்னால் கீழ்க் கொக்கியின் பின்களையும் புஷ்ஷையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். பிரேமில் இதுவரை ஒரு கீறலும் இல்லை.