“அவன் எப்பவும் அப்படித்தான்”: ஊரில் மூன்று இல்லங்களில் பார்த்தது

தை மாத விடுமுறையில் தஞ்சாவூர், திருச்சிப் பக்கம் அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்கள் தங்கும் மூன்று இல்லங்களைப் பார்க்க முடிந்தது. (நாற்பது வயதுக்காரரும் அங்கே ‘குழந்தை’தான்.) இங்கிலாந்தில் இதே பராமரிப்பு வேலை செய்பவர்களின் கண்ணோட்டத்தில் எழுதும் குறிப்பு இது.

மூன்று இடத்திலும் பாசத்துக்குக் குறைவில்லை. எழுதி வைக்கும் பழக்கம்தான் இல்லை. வலியைச் சொல்லத் தெரியாதவர் காதைத் தட்டுவார், சோற்றுத் தட்டைத் தள்ளுவார், கையைக் கடிப்பார். கேட்டால், “அவன் எப்பவும் அப்படித்தான் சார்.” எத்தனை நாளாக என்றால் பதில் வராது. தூக்க மாத்திரையைக் கூட்டச் சொல்லும் முன் காது, பல், வயிறு, சிறுநீர், பாதம் ஐந்தையும் பார்த்துவிட வேண்டும்.

வயிறுதான் பெரிய விஷயம். ஓர் இல்லத்தில் ஒருவருக்குப் பேதி என்று, பேதியை நிறுத்தும் லோபராமைடு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தொட்டால் அடிவயிறு கல் மாதிரி. மலம் இறுகி அடைத்துக்கொள்ள, அதன் ஓரமாகத் தண்ணீராகக் கசிந்ததைப் பேதி என்று நினைத்துவிட்டார்கள். அந்த மாத்திரை அடைப்பை இன்னும் இறுக்கும். காரணங்கள் வரிசையாகக் கண்ணெதிரே இருந்தன: ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மருந்துடன், அதன் பக்கவிளைவான நடுக்கத்துக்கும் இறுக்கத்துக்கும் கொடுக்கும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் குடலை மந்தமாக்கும், படுக்கை நனையும் என்று மாலை ஐந்துக்கு மேல் தண்ணீர் கொடுப்பதில்லை, நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பு. ஒரு காலண்டரில் ஆளுக்கு ஒரு கட்டம், போனாரா இல்லையா, கெட்டியா இளக்கமா என்று எழுதினால் போதும். மூன்று நாள் போகவில்லை என்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வயிறு உப்பி வாந்தியும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அடுத்தது சாப்பாடு. விழுங்குவதில் சிக்கல் உள்ளவருக்கு ரசம் சாதம் மென்மையானது என்று நம்புகிறார்கள். உண்மையில் நீரும் பருக்கையும் கலந்திருப்பதுதான் ஆபத்து. பருக்கையை மெல்லும்போதே ரசம் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். தண்ணீர் பிரியாமல் கெட்டியாக மசித்த தயிர் சாதம் பலருக்கு ஒத்துவரும். அதையும் பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர் ஒருமுறை பார்த்துச் சொல்வது நல்லது. நிமிர்ந்து உட்காரவைத்து, முகவாய் சற்றே தாழ, சின்ன ஸ்பூனில், ஒரு வாய் இறங்கியபின் அடுத்தது. சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது. இருமல் மட்டும் அறிகுறி இல்லை. சாப்பிட்டதும் குரல் கொழகொழப்பது, கண்ணில் நீர், அடிக்கடி வரும் ‘சளிக்காய்ச்சல்’ இவற்றையும் கவனிக்க வேண்டும்.

வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து வைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. சாவியை விட்டுக் கடிகாரத்தைப் பார்க்கட்டும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், ஐந்து நிமிடம் தாண்டினால் டாக்டர் எழுதித்தந்த அளவில், வலிப்பை நிறுத்தும் மிடாசோலம் மூக்கு ஸ்பிரே அடித்து, 108. ஸ்ட்ரிப் தீர்ந்து இரண்டு நாள் மாத்திரை விட்டுப்போவதே பல வலிப்புகளுக்குக் காரணம். பத்து நாள் மருந்து கையிருப்பில் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும். ஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்து எடுப்பவருக்கு ஈறு தடிக்கும், பல் தேய்க்க விடமாட்டார். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர் திடீரென்று மந்தமானால் சோம்பேறி என்று திட்டாமல் தைராய்டு பாருங்கள். வருடம் ஒருமுறை எப்படியும்.

இங்கிலாந்தில் எல்லாம் சரி என்று யாரும் நினைக்க வேண்டாம். அங்கேயும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் இருபது ஆண்டு முன்பே இறக்கிறார்கள். மனநோய் மருந்துகளைத் தேவையில்லாமல் கொடுப்பதைக் குறைக்க 2016-இல் தனி இயக்கமே தொடங்க வேண்டியிருந்தது. ஆனால் 14 வயதிலிருந்து வருடாந்திர உடல் பரிசோதனை உண்டு. ஊரில் 2021-இல் தொடங்கிய, தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீட்டு வாசலுக்கே வருகிறது. இல்லங்களும் அந்த ஊழியரிடம் கேட்டு ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துக்கொள்ளலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஒரு லட்சம் வரை, வெளிநோயாளிச் செலவும் சேர்த்துக் கிடைக்கும். ஓர் இல்லத்தில் பாதிப்பேரைச் சேர்க்கவே இல்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரே ஒரு தாள் போதும்: மருந்துகள், ஒவ்வாமை, வலித்தால் என்ன செய்வார், எப்படிச் சாப்பிடுவார், யார் கூட இருந்தால் அடங்குவார். ஓர் இல்லத்தில் அதை அழகாகத் தயாரித்து, லேமினேட் செய்து, அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி மேட்ரனிடம். ஞாயிறு அவருக்கு லீவு.