கட்டணம் கட்டுவதா, களஞ்சியத்தில் ஏற்றுவதா?

பெங்களூரில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் தமிழ் நண்பர்கள் கூடினால், வாடகைப் புலம்பல் முடிந்ததும் இந்தப் பேச்சு வந்துவிடும்: நாம் எழுதும் ஆய்வுக் கட்டுரையை எல்லோரும் இலவசமாகப் படிக்க எது நல்ல வழி?

எழுதியவரே ஆய்விதழுக்குக் கட்டணம் கட்டினால் வெளியான அன்றே, இறுதி வடிவிலேயே கட்டுரை திறந்துவிடும். அதில் குறை சொல்ல முடியாது. விலைதான் இடிக்கிறது. ‘நேச்சர்’ இதழ் 2020-இல் ஒரு கட்டுரைக்கு அறிவித்த தொகை 9,500 யூரோ! ஏழை நாடுகளுக்குப் பல பதிப்பகங்கள் விலக்கு தருகின்றன. பெரிய பொருளாதாரமான இந்தியா பெரும்பாலும் அந்தப் பட்டியலில் வராது.

களஞ்சியம், அதாவது ஒரு நிறுவனம் தன் ஆய்வாளர்களின் கட்டுரைகளை இணையத்தில் இலவசமாகத் திறந்து வைக்கும் சேமிப்பகம், வேறு கதை. இங்கே இந்திய அறிவியல் கழகம் 2002-லேயே ஈபிரிண்ட்ஸ் என்ற இலவச மென்பொருளை வைத்து ஒன்றைத் தொடங்கிவிட்டது. ஆய்விதழின் மதிப்பீடு முடிந்து ஏற்கப்பட்ட கைப்பிரதியை ஏற்றினால் போதும், ஆய்வாளருக்குச் செலவில்லை, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரிலும் அகப்படும். ஆனால் சில பதிப்பகங்கள் ஓராண்டு வரை, அதற்கு மேலும்கூடக் கைப்பிரதியைத் திறந்துவிடாமல் காத்திருக்கச் சொல்லும். அதைவிடப் பெரிய தடை நம் சோம்பல். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் தங்கள் நிதியில் எழுந்த கட்டுரைகளைக் களஞ்சியத்தில் இடச் சொல்லி 2014-இல் கொள்கை வகுத்தன. பதவி உயர்வு நேர்காணலில் யாரும் கேட்காததை யார் மெனக்கெட்டுச் செய்வார்?

2025-இல் வந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’, அதாவது மத்திய அரசே ஆய்விதழ்களுக்கு மொத்தமாகச் சந்தா கட்டும் திட்டம், அரசு நிறுவனங்களுக்குப் படிக்க வழி தந்தது, சரி. தனியார் கல்லூரி மாணவர் இன்னும் வெளியேதான்.

என் ஓட்டு களஞ்சியத்துக்கு. பதிப்பகத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் காத்திருப்புக் காலத்தைப் பாருங்கள். ஏற்கப்பட்ட கைப்பிரதியின் கோப்பை அழித்துவிடாதீர்கள்.