கல்லாப் பக்கத்தில் பேநவ் அட்டை: சிறு கடைக்கு எப்படி?

சிங்கப்பூரின் தேக்காவிலும் பஃபலோ சாலையிலும் கியூஆர் அட்டை இல்லாத மளிகைக் கடையை இப்போது தேடத்தான் வேண்டும். கைபேசி எண்ணையோ கியூஆர் குறியீட்டையோ வைத்து வங்கிக் கணக்குக்கு உடனே பணம் அனுப்பும் பேநவ் சேவை 2017 ஜூலையில் தனிநபர்களுக்காகத் தொடங்கி, 2018 ஆகஸ்டில் நிறுவனங்களுக்கும் வந்தது. அடுத்த மாதமே பல கட்டண முறைகளை ஒரே அட்டையில் அடக்கும் எஸ்ஜிகியூஆர் அறிமுகமானது. பணத்தைக் கொண்டுசேர்க்கும் வேலையில் பேநவ் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. சில நொடிகளில் காசு கணக்கில் விழுகிறது. அது விழுந்ததைக் கல்லாவில் நிற்பவருக்கு யார் சொல்வது? தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

மேசையில் ஒட்டியிருக்கும் சாதாரண அட்டையில் கடையின் யூஇஎன் எண் (நிறுவனப் பதிவு எண்) இருக்கும், தொகை இருக்காது. வாடிக்கையாளரே தட்ட வேண்டும். புள்ளி இடம் மாறினால் 6.50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 65 வெள்ளியாகும், அவசரத்தில் 5.60 ஆவதும் உண்டு. தட்டி முடித்ததும் கைபேசியைத் திருப்பிப் பச்சை டிக்கைக் காட்டுவார். அந்தத் திரையை நம்பிப் பையை நீட்டக்கூடாது. அது பழைய ஸ்கிரீன்ஷாட்டாக இருக்கலாம். கடைசிப் பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய பக்கமாகவும் இருக்கலாம், அதில் ஏமாற்றும் எண்ணமே இல்லாமல்கூட. ஞாயிற்றுக்கிழமை மாலைக் கூட்டத்தில் தேதி, நேரம், பெயர் மூன்றையும் யார் படிக்கப் போகிறார்கள்? கடையின் சொந்த வங்கிச் செயலியில் தெரியும் வரவு மட்டுமே சான்று.

பல கடைகளில் அந்த வரவு அறிவிப்பு முதலாளியின் கைபேசிக்குப் போகிறது, முதலாளியோ வீட்டில். கணக்குத் திறக்கும்போதே கல்லா ஊழியருக்கு ‘பார்க்க மட்டும்’ அனுமதியுள்ள பயனர் கணக்கு கிடைக்குமா என்று கேளுங்கள். கல்லாவில் ஒரு மலிவான கைபேசியை வைத்து, ஒவ்வொரு வரவுக்கும் சத்தம் வரும்படி செய்துவிட்டால் பாதித் தலைவலி தீரும்.

இரண்டு கல்லா உள்ள கடைக்கு அது போதாது. ஒரே நேரத்தில் இரண்டு 12 வெள்ளி வந்தால் எது யாருடையது? அங்கே பில்லுக்குப் பில் புதிதாக உருவாகும் குறியீடுதான் சரி. தொகையும் பில் எண்ணும் அதற்குள்ளேயே இருப்பதால் தட்டுப் பிழைக்கு வழியில்லை, இரவில் கணக்கு ஒப்பிடுவதும் சுலபம். அந்தக் குறியீட்டைக் காட்டும் இயந்திரத்துக்கு வாடகை கூடுதல்தான், ஆனாலும் வரிசை நிற்கும் கடைக்கு அது வீண்செலவில்லை. வாடகை கட்டுப்படியாகாதவர்கள் யூஇஎன் எண்ணுக்குப் பின்னால் எழுத்தோ எண்ணோ கொண்ட மூன்று இடப் பின்னொட்டு சேர்த்து, கல்லாவுக்கு ஒரு தனி அட்டையும் கணக்கும் வைத்துக்கொள்ளலாம்.

இணையத்தில் இலவசமாகக் குறியீடு உருவாக்கி அச்சடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேநவ் குறியீட்டுக்குள் காலாவதித் தேதிக்கு ஓர் இடம் உண்டு. பார்க்காமல் விட்டால், நன்றாக வேலை செய்துகொண்டிருந்த அட்டை ஒருநாள் திடீரென்று மறுக்கும். கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. லேமினேட் செய்யும்போது பளபளப்பான உறை வேண்டாம். மேல்விளக்கு அதில் பட்டுத் தெறித்தால் ஸ்கேன் ஆகாது.

கடைப் பலகையில் ஒரு பெயரும் பதிவில் வேறு பெயரும் இருந்தால் வாடிக்கையாளர் தயங்குவார், தயங்கத்தான் வேண்டும். பதிவுப் பெயரை அட்டைக்குக் கீழேயே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அட்டையின் மேல் வேறொரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகும் மோசடிக்கும் இதுவே மருந்து. காலையில் கடை திறந்ததும் உங்கள் கைபேசியிலேயே ஒருமுறை ஸ்கேன் செய்து பெயரைப் பாருங்கள், பத்து விநாடி வேலை.

சொந்தக் கைபேசி எண்ணை எழுதி ஒட்டிக் காசு வாங்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வீட்டுக் கணக்கும் கடைக் கணக்கும் கலந்து வரி நேரத்தில் அவதிப்படுவீர்கள், எண்ணும் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். நிறுவனக் கணக்கில் வரவுக்குக் கட்டணம் உண்டா, குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்பது வங்கிக்கு வங்கி மாறும். கையெழுத்திடும் முன் இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

அரசு குடும்பங்களுக்குத் தரும் சிடிசி பற்றுச்சீட்டு இதோடு சேராது. அங்கே வாடிக்கையாளரின் குறியீட்டைக் கடைக்காரர்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். மூத்தவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது இயல்பு. கல்லா ஊழியர் பொறுமையாக இருக்கட்டும்.

தவறான கணக்குக்குப் போன பணம் தானாகத் திரும்பாது. வாங்கியவர் மனம்வைத்து அனுப்ப வேண்டும், வங்கி கேட்டுப் பார்க்கும், அவ்வளவுதான். இணையம் பாதியில் அறுந்தால் வாடிக்கையாளரை மறுபடி கட்டச் சொல்லாதீர்கள். முதலில் அவர் செயலியின் பரிமாற்றப் பட்டியலைத் திறக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவர் கணக்கில் பணம் இரண்டு முறை பிடிக்கப்படும்.

2023 அக்டோபர் 14, சனிக்கிழமை, தரவு மையம் ஒன்றில் குளிரூட்டும் அமைப்பு பழுதாகி டிபிஎஸ், சிட்டிபேங்க் வங்கிகளின் சேவைகள் முடங்கின. வாடிக்கையாளரின் வங்கி முடங்கினால் அவர் வேறு வழியில் கட்டுவார். உங்கள் வங்கியே முடங்கினால் காசு வந்ததா என்று பார்க்க வழியே இல்லை. அப்போது அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு ரொக்கமாக வாங்குங்கள். அதற்கு இரண்டு வெள்ளி, ஐந்து வெள்ளி நோட்டுகளாகவும் ஐம்பது காசுகளாகவும் கல்லாவில் எப்போதும் கொஞ்சம் சில்லறை இருக்க வேண்டும்.