ஹீட் முள் ஏறினால் எதை நம்புவது: மெக்கானிக்கல் கேஜா, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரா?

பழைய லாரியில் வெப்பமானி முள் சிவப்புக் கோட்டை நெருங்கும்போது முதலில் தீர்க்க வேண்டியது, எஞ்சின் உண்மையிலேயே சூடாகிறதா, முள் மட்டும்தான் ஏறுகிறதா என்பது. அதைத் தீர்க்காமல் தெர்மோஸ்டாட் (தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு), ரேடியேட்டர் மூடி, வாட்டர் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் கோளாறு நின்றாலும் எது நிறுத்தியது என்று தெரியாது. ஆகவே டேஷ்போர்டு முள்ளைச் சார்ந்திராத தனி அளவி ஒன்று வேண்டும் என்று முடிவுசெய்து, கையில் பிடித்து அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரையும், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீருக்குள் இறங்கும் குமிழும் மெல்லிய குழாயும் கொண்ட மெக்கானிக்கல் கேஜையும் எடைபோட்டுப் பார்த்தேன். சென்னைத் துறைமுகத்துக்கும் மணலி, மாதவரம் பக்கத்துக் கன்டெய்னர் கிடங்குகளுக்கும் இடையே ஓடும் என் வண்டியில் இன்று இருப்பது மெக்கானிக்கல் கேஜ். என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

இரண்டும் ஒரு சாதாரண லாரி உரிமையாளரின் கைக்கு எட்டும் விலையில்தான் கிடைக்கின்றன. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை வாங்கிய நிமிடத்திலேயே பயன்படுத்தலாம்; மெக்கானிக்கல் கேஜைப் பொருத்த அரை நாள் பட்டறை வேலை உண்டு. கொரோனாக் காலத்தில் நெற்றியில் காட்டி அளந்த கருவி வீட்டில் கிடந்தால் அது எஞ்சினுக்கு உதவாது. அது உடல் வெப்பத்தின் குறுகிய எல்லைக்குள் மட்டுமே அளக்கும்.

டேஷ்போர்டில் ஏற்கெனவே இருக்கும் மின்சார முள்ளை ஏன் நம்பக் கூடாது என்று கேட்கலாம். பெரும்பாலான பழைய லாரிகளில் எஞ்சினில் திருகப்பட்ட சென்சார் ஒற்றை வயரில் வேலை செய்கிறது. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும், மின்னோட்டம் எஞ்சின் உடம்பு வழியாக எர்த் ஆகும். அந்த வயர் எங்காவது உரசித் தோல் உரிந்து இரும்பில் பட்டால், எஞ்சின் குளிர்ந்திருந்தாலும் முள் உச்சிக்குப் போய்விடும். சென்சாரிலிருந்து வயரைக் கழற்றியதும் முள் கீழே விழுந்தால் வயரும் மீட்டரும் அநேகமாகச் சரி, ஒன்று சென்சார் கெட்டிருக்கலாம், அல்லது தண்ணீர் உண்மையிலேயே சூடாகியிருக்கலாம். விழாவிட்டால் வயரிலோ மீட்டரிலோ பழுது. டீசல் முள்ளும் ஹீட் முள்ளும் ஒன்றாக ஏறி நின்றால், மீட்டர் பலகையின் எர்த்தையும் அதற்கு மின்னழுத்தத்தைச் சீராக்கித் தரும் ஸ்டெபிலைசரையும் பார்க்க வேண்டும்.

எண்ணூர் விரைவுச் சாலையில் கடலை ஒட்டி ஓடும் வண்டிகளுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. உப்புக்காற்றில் சென்சாரின் எர்த்தும் வயர் முனைகளும் பச்சை பிடித்துப்போகும்போது தடை கூடுகிறது. தடை கூடினால் முள் உயராது, தாழும். அதாவது இந்தக் கடற்கரையில் மின்சார முள் பொய் சொல்வதானால், சூட்டைக் குறைத்துக் காட்டும் பொய்க்கே வாய்ப்பு மிகுதி. அப்படிப்பட்ட முள் ஒரு நாள் திடீரென மேலே நின்றால், மீட்டர் கெட்டுவிட்டது என்று கையால் தட்டிவிட்டு ஓட்டுவது எஞ்சின் பிளாக்குக்கும் அதன் தலைப்பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டுக்கே வினையாகலாம்.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரின் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எஞ்சினை நன்றாகச் சூடேற்றி நிறுத்தியவுடன் ரேடியேட்டரின் முகத்தில் அதை மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் நகர்த்தினால், அடைபட்ட குழாய்கள் இருக்கும் பகுதி சுற்றிலும் உள்ளதைவிடக் குளிர்ந்து காட்டும். மீஞ்சூர், எண்ணூர் பக்கத்து நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியிருப்பது பல காலமாகத் தெரிந்த செய்தி. வழியில் கிடைத்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி ஊற்றி ஓட்டிய வண்டியில் இந்தக் குளிர்ந்த பட்டை தெரிவது வியப்பில்லை. எந்த இடத்தில் அடைப்பு என்பதை எந்த மெக்கானிக்கல் கேஜாலும் காட்ட முடியாது. ஆனால் பளபளக்கும் பித்தளை, அலுமினியப் பரப்புகளில் இந்தக் கருவி உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். தெர்மோஸ்டாட் உறையின் மேல் ஒரு துளி மங்கல் கறுப்புப் பெயின்ட் பூசி, எப்போதும் அந்த ஒரே புள்ளியில் அளந்தால்தான் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். அப்படி அளந்தாலும் கிடைப்பது மேற்பரப்பின் வெப்பம். உள்ளே உள்ள தண்ணீர் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

இவ்வளவு இருந்தும் நான் மெக்கானிக்கல் கேஜைத் தேர்ந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று: எஞ்சின் எவ்வளவு சூடாகிறது என்பதைவிட எப்போது சூடாகிறது என்பதுதான் கோளாற்றைக் காட்டிக்கொடுக்கிறது, அந்த நேரத்தில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஓட்டுநரின் கையில் இருக்க முடியாது. துறைமுகத்தின் ஜீரோ கேட் வாயில் வரிசையில் எஞ்சின் ஓடிக்கொண்டே நிற்கும்போது சூடு ஏறி, வரிசை நகர்ந்து வண்டி வேகம் பிடித்ததும் இறங்கினால், குறை காற்றோட்டத்தில்: ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம், ஃபேன் உறை உடைந்திருக்கலாம், மணலிப் பக்கத்துப் புழுதி ரேடியேட்டர் இதழ்களை மூடியிருக்கலாம். வரிசையில் ஒழுங்காக இருந்து, பாரத்தோடு மேம்பாலம் ஏறும்போதோ பொன்னேரி நெடுஞ்சாலையில் தொடர்ந்து இழுக்கும்போதோ ஏறினால், ரேடியேட்டருக்குள் தண்ணீர் போதுமான அளவு ஓடவில்லை என்று சந்தேகிக்க வேண்டும்: உள்ளே உப்புப் படிவு, தேய்ந்த வாட்டர் பம்ப், முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டாட், உறிஞ்சலில் சப்பிப்போகும் கீழ் ஹோஸ். நிலையாக ஏறாமல் திடுமெனத் துள்ளி இறங்கினால், தண்ணீரில் காற்றோ, சிலிண்டரிலிருந்து கசியும் எரிந்த வாயுவோ கலந்திருக்கக்கூடும். கேஸ்கெட் பக்கம் பார்வை போக வேண்டும். சாலையோரம் ஒதுக்கி நிறுத்தி, எஞ்சின் மூடியைத் திறந்து கருவியை நீட்டுவதற்குள் பாரம் நீங்கி, ஃபேன் காற்று மாறி, அந்தக் கணத்தின் வெப்பநிலையும் மாறியிருக்கும்.

டிகிரி எண்களோடு இருப்பதும் மெக்கானிக்கல் கேஜின் இன்னொரு வசதி. பச்சையும் சிவப்பும் மட்டும் தீட்டிய டேஷ்போர்டு மீட்டரில் 88 டிகிரிக்கும் 98 டிகிரிக்கும் வேறுபாடு தெரிவதில்லை. 7 பி.எஸ்.ஐ. அழுத்தம் வரை தாங்கும் ரேடியேட்டர் மூடி சரியாக இறுகியிருந்தால் வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 111 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் தளர்ந்திருந்தால் 100 டிகிரியிலேயே கொதித்து வெளியே தள்ளிவிடும். கேஜ் 100 டிகிரியை ஒட்டிக் காட்டும்போதே தண்ணீர் பொங்கினால், சந்தேகம் முதலில் மூடி மீது விழ வேண்டும். சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்கக் கூடாது என்பதை எந்த ஓட்டுநருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பல பட்டறைகளில் இன்னும் செய்யும் ஒரு வேலை, சூடு என்றதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. திறக்கும்போதே பைபாஸை, அதாவது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்கே திரும்பும் வழியை அடைக்கும் வகைத் தெர்மோஸ்டாட் உள்ள எஞ்சினில் அதைக் கழற்றினால், தண்ணீரின் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமலேயே சுற்றும். சூடு குறைவதற்குப் பதில் கூடும். மெக்கானிக்கல் கேஜ் இருந்தால் கழற்றுவதற்கு அவசியமே இல்லை. குளிர்ந்த எஞ்சினை இயக்கி முள்ளைக் கவனித்தால், 80 டிகிரிக்குச் சற்று மேல் ஒரு தயக்கமும், தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஹோஸில் சூடு பாய்வதும் தெரியும். தயக்கமில்லாமல் முள் ஏறிக்கொண்டே போய், ஹோஸ் குளிர்ந்தே இருந்தால், தெர்மோஸ்டாட் திறக்காமலேயே கிடக்கிறது என்று பொருள்.

குறைகளும் உண்டு. குழாயில் மடிப்பு விழுந்தாலோ அதிர்வில் வெட்டுப்பட்டாலோ உள்ளிருக்கும் திரவம் போய்விடும், முழு கேஜையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஆகையால் கேபினுக்குள் நுழையும் துளையில் ரப்பர் வளையம் போட்டு, அதிகப்படி நீளத்தை அகலமான சுருளாகக் கட்டிவைக்க வேண்டும். தண்ணீர் மட்டம் குமிழுக்குக் கீழே இறங்கிவிட்டால் அது ஆவியின் சூட்டையே அளக்கும், எஞ்சின் அளவுமீறிச் சூடாகிக்கொண்டிருக்கும்போது முள் சாதுவாக நிற்கும். இந்த ஆபத்து மின்சார சென்சாருக்கும் பொதுவானது. உப்புத் தண்ணீர் ஓடிய எஞ்சினில் குமிழின் மேலும் படிவு ஏறி முள் மெதுவாக நகரத் தொடங்கும் என்பதால், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) மாற்றும்போது அதைக் கழற்றித் துடைப்பது நல்லது.

நான் சொல்வதெல்லாம் மெக்கானிக்கல் டீசல் பம்ப் எஞ்சினும், உள்ளூர் பட்டறையில் கட்டிய அசையாத கேபினும் உள்ள வண்டியை வைத்துத்தான். முன்னால் சாயும் கேபினில் ஒவ்வொரு முறை சாய்க்கும்போதும் குழாய் வளைந்து நிமிரும் என்பதால், அங்கே மெக்கானிக்கல் கேஜை இதே உறுதியோடு சிபாரிசு செய்யத் தயங்குவேன்; புதிய சென்சாருக்கு பேட்டரி வரை தனி எர்த் வயர் இழுத்து, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைச் சரிபார்ப்புக்குக் கேபினில் வைத்துக்கொள்வதே அந்த வண்டிகளுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.